விசிறியில் சிக்கிய பச்சை நூல்

செவ்வாய்க்கிழமை காலை, கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் உன் கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கவைத்து, ரவிச்சந்திரன் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. தூசியும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்துவிட்டால் வருமே, ஏறக்குறைய அது. அவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு முழ நீளத்துக்குப் பச்சை நூல்.

அந்த நூலை எனக்குத் தெரியாதா? பாசிப் பச்சைக்கும் இலைப் பச்சைக்கும் நடுவில் உள்ள அந்த நிறத்துக்காக திருப்பாதிரிப்புலியூரில் மூன்று கடை ஏறி இறங்கியவள் நான். உன் கம்ப்யூட்டருக்கு நான் தைத்துக் கொடுத்த உறையின் ஓரத்தில் ஓடிய நூல் அது.

ரவிச்சந்திரன் உனக்கு நினைவிருப்பார். மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருக்கிறாரே, முன்பு டிவி பழுது பார்த்தவர். என்னோடு பஸ்ஸில் சிதம்பரத்துக்கு வந்து உனக்குக் கிராபிக்ஸ் கார்டு மாட்டிக் கொடுத்தவர். அதே கார்டைத்தான் இப்போது கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த சின்ன விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. அச்சில் இன்னும் நூல் இறுகியிருந்தது. "ஃபேன் நின்னு போயி, சூட்டுல கார்டு வெந்துடுச்சும்மா," என்றார்.

இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

முதலில், உன் கம்ப்யூட்டர் ஏன் கடலூருக்கு வந்தது, அதை நான் ஏன் திறக்கச் சொன்னேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு உன் அண்ணன் மகன் வீட்டைக் காலி செய்தான். கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்தான். வீட்டு வேலை பார்த்துக்கொண்டு உன்னோடு பதினாறு வருடம் இருந்த அஞ்சலை, குமராட்சிக்குத் திரும்பிப் போய்த் தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றாள். அவளையும் நானே அழைத்து வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு எனக்கும் வீட்டில் ஒரு குரல் வேண்டியிருந்தது. பெட்டி ஒரு வருடத்துக்கு மேல் கூடத்து மூலையில் உறையோடு இருந்தது. நான் தொடவில்லை.

போன மாதம் என் வலது கண்ணில், எதைப் பார்க்கிறேனோ அதன் நடுவில் ஒரு பழுப்புக் கறை வந்து நின்றது. கண்ணாடியைத் துடைத்தேன், முகத்தைக் கழுவினேன், போகவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உன் டாக்டர் உன்னிடம் சொன்ன அதே பெயரைச் சொன்னார். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறதாம். மருந்தில்லாத வகை. நடுப் பார்வை போகும், ஓரப் பார்வை நிற்கும். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஆட்டோவில் வரும்போது உன் கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வந்தது. அதற்குப் போட்ட கார்டு நன்றாகத்தானே இருக்கும், என் டிவியில் மாட்டிக்கொண்டால் நானும் கொஞ்ச நாள் படிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

மாட்டினோம். ஆன் செய்தால் ஒன்றும் வரவில்லை. அதனால்தான் திறந்தோம்.

நாம் இருவரும் கான்வென்ட் விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நீ எப்போதும் எதையாவது தொலைப்பாய், நான் எடுத்து வைப்பேன். உன் ஜடையை அவிழ்த்து மறுபடி பின்னுவேன், உன் நோட்டுக்கு அட்டை போடுவேன். நீதான் எனக்கு "மதர்" என்று பெயர் வைத்தாய். தையல் வகுப்பில் சிஸ்டர் துணியை முதலில் பின்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கமும் இருக்க வேண்டும். முடிச்சு கண்ணில் படக்கூடாது. நூல் முனையை முடிச்சுப் போடாமல் தையலுக்கு அடியிலேயே ஓட்டி மறைத்துவிட வேண்டும். உன் துணியின் பின்பக்கம் முழுக்க முடிச்சாக இருக்கும். என்னுடையதை சிஸ்டர் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார். எழுபத்து நாலு வயதிலும் எனக்கு அதில் பெருமை இருந்தது. செவ்வாய்க்கிழமை வரை.

நீ பல்கலைக்கழக நூலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தாய். ஓய்வு பெற்ற அன்று என்னிடம், "இத்தன வருஷம் புஸ்தகத்துக்கு நம்பர் போட்டேன்டி, இனிமேதான் படிக்கப் போறேன்," என்றாய். படிக்கவும் செய்தாய். நான்கைந்து வருடம் கழித்துத்தான் கண் மங்க ஆரம்பித்தது. பூதக்கண்ணாடி வாங்கினாய், அதைவிடப் பெரிய பூதக்கண்ணாடி வாங்கினாய். பிறகு புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எழுத்தைப் பெரிதாக்கினாய். அந்தச் சின்ன மானிட்டரில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் அடங்கியது. பெரிய டிவி வாங்கி இணைத்தால், பழைய கம்ப்யூட்டர் அதற்குத் தெளிவாகப் படம் அனுப்பவில்லை. எழுத்துகள் தண்ணீரில் விழுந்த மாதிரி இருந்தன.

அப்போதுதான் நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். நீ கேட்கவில்லை. நான் எதையும் கேட்டு எடுத்துக்கொண்டதில்லை.

ரவிச்சந்திரன் விளக்கிச் சொன்னார். கம்ப்யூட்டர் பழசுதான், ஆனாலும் புதிது வாங்கத் தேவையில்லை. படம் காட்டும் வேலையைத் தனியாகப் பார்க்கும் ஒரு கார்டு போட்டால் போதும். பெரிய கார்டு போட்டால் உள்ளே இருக்கும் பழைய பவர் சப்ளை தாங்காது, அதனால் தனி மின்சார ஒயர் கேட்காத சின்னக் கார்டாகப் பார்க்க வேண்டும். தன்னிடம் நல்ல நிலையில் ஒன்று இருக்கிறது, லேசாகப் பழகியது என்றார். அடுத்தவர் வீட்டில் உழைத்துக் களைத்த பொருள் உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சீல் உடையாத புதுப் பெட்டிதான் வேண்டும் என்று வரவழைத்தேன். இருபது நாள் போயிற்று. உன் கண்ணுக்கு இருபது நாள் எவ்வளவு பெரிது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று தெரியும்.

கார்டு மாட்டிய நாள். கைப்பிடிக்குள் அடங்கும் அந்தத் தகட்டையும், எலுமிச்சை வில்லை அளவு விசிறியையும் நீ தடவித் தடவிப் பார்த்தாய். டிவியில் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். நீ நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, டிவிக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி ஒரு முழுப் பத்தியை வாய்விட்டுப் படித்தாய். அஞ்சலை கைதட்டினாள். ரவிச்சந்திரன் கூட ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பையிலிருந்து உறையை எடுத்தேன்.

கடலூரில் உப்புக் காற்று, சிதம்பரத்தில் தேர் வீதிப் புழுதி. எந்தப் பொருளையும் திறந்து போட்டு எனக்குப் பழக்கமில்லை. மிக்ஸிக்கு உறை, டிவிக்கு உறை, அவருடைய டைப்ரைட்டருக்கு உறை. கம்ப்யூட்டர் உறையை இன்னும் கவனமாகத் தைத்திருந்தேன். உறையைக் கழற்றாமலே ஆன் செய்ய பொத்தானுக்கு நேராக ஒரு துளை, அதைச் சுற்றிக் காஜா தையல். ஒயர்களுக்குப் பின்னால் ஒரு பிளவு. ஓரம் நெடுகப் பச்சையில் சங்கிலித் தையல். பின்பக்கத்தில் ஒரு முடிச்சு கிடையாது.

ரவிச்சந்திரன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஓடும்போது மூட வேண்டாம், பக்கத்து ஓட்டைகள் வழியாகக் காற்று போக வேண்டும் என்றார். நாற்பது வருடமாக என் வீட்டில் எல்லாம் மூடித்தான் இருக்கிறது, எதுவும் கெட்டுப்போனதில்லை என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ சிரித்தாய். "உடுங்க சார், மதர் சொல்லிட்டா அப்பீல் கெடையாது." உறையைப் போட்டோம். அளவெடுத்தது போல் கச்சிதமாக உட்கார்ந்தது. வாரம் ஒருமுறை துவைத்துப் போட வேண்டும் என்று அஞ்சலைக்கு உத்தரவும் போட்டுவிட்டு வந்தேன். அவள் ஒரு வாரமும் தவறவில்லையாம். முடிச்சில்லாத நூல் எத்தனை துவைப்புத் தாங்கும்? அவிழ்ந்த முனையை அந்தப் பக்கத்து ஓட்டைகள் வழியாக விசிறி உள்ளே இழுத்திருக்கிறது.

பத்து மாதம் படித்தாய். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்குப் போன் செய்து அன்று படித்ததைச் சொல்வாய். எனக்கு நாவல்களில் பொறுமை கிடையாது என்று தெரிந்தும் சொல்வாய். கடைசியாகச் சொல்லிக்கொண்டிருந்த கதையில் ஒரு பெண், கணவனோடு போவதா, தகப்பன் நிலத்திலேயே இருப்பதா என்று முந்நூறு பக்கமாக முடிவு செய்யாமல் இருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமே வந்தது. "போனாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு," என்பேன். "இரு, நானே இன்னும் அங்க வரல," என்பாய்.

போகிக்கு முதல் நாள் ஐந்து மணிக்கு நீ கதை சொல்லவில்லை. உன் குரல் சமமாக இருந்தது. "எழுத்தெல்லாம் கோடு கோடா வருதுடி. ரெண்டு நாளா கட்டம் கட்டமா ஒடையுது. ஓரமும் போயிடுச்சு போல."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைக்க மாட்டேன். டாக்டர் முன்பே சொன்னதுதானே என்றேன். வரும் என்று தெரிந்த ஒன்று வந்திருக்கிறது, அதைக் கௌரவமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். கேட்கும் புத்தகங்கள் இப்போது நிறைய வந்திருக்கின்றன என்றேன். நீ "சரிங்க மதர்," என்றாய். இனிமேல் கேட்பதுதான் என்று ரேடியோவைப் போட்டுக்கொண்டாய். அதன் பிறகு ஐந்து மணிப் போன்கள் சுருங்கிவிட்டன. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்.

மாசியில் உன்னைப் பார்க்க வந்தேன். டிவியை அணைத்து வைத்திருந்தாய். உறை சுத்தமாக இருப்பதைப் பார்த்து நான் திருப்திப்பட்டேன். அதுதான் நான் அன்று சரிபார்த்தது. நீ என்னோடு பேசும்போது என் தலைக்குப் பக்கத்தில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. விடுதியில் சிஸ்டர் சொல்வாரே, பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார் என்று, அதே குரலில், "என்னைப் பார்த்துப் பேசு," என்றேன். நீ கண்ணை நேராக்கினாய். நேராக்கிக்கொண்டு, ஏதோ விளையாட்டைப் போல, "மாம்பழ மஞ்சள்ல அரக்கு பார்டர். பார்டர்ல அன்னம். சரியா?" என்றாய். சரிதான். அன்று நான் கட்டியிருந்த புடவை அதுதான். அஞ்சலை காதில் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று எனக்குத் தெரியும். நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் இருக்காது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் இருக்கும். நீ காலண்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அதட்டியதும், எனக்காக, என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாய். மீதி ஒரு மணி நேரமும் முகமில்லாத ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாய். பார்டரில் அன்னம் வரை தெரிந்த கண்ணுக்கு, உள்ளங்கை அகல எழுத்து ஏன் தெரியவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. ஆனி மாதம் உன் இதயம் நின்றது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கார்டு எப்போது போயிருக்கும் என்று ரவிச்சந்திரனிடம் கேட்டேன். மூலையில் சும்மா கிடந்தபோது கெட்டிருக்கும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "சும்மா இருந்தா கெடாதும்மா, ஓடிக்கினு இருந்தாத்தான் சூடு. அதுவும் ஒரேடியா போவாது. மொதல்ல ஸ்கிரீன்ல கோடு கோடா வுழும். அப்புறம் கட்டம் கட்டமா ஒடையும். கடைசியிலதான் இருட்டாவும்."

உன் வார்த்தைகள். ஒன்று கூட மாறவில்லை.

அஞ்சலை காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன். போகிச் சமயத்தில் அம்மாவின் டிவியில் கோடுகள் வந்தனவா, நீ பார்த்தாயா என்று. பார்த்தேனே என்றாள், தயக்கமே இல்லாமல். சிவப்பும் பச்சையுமாகக் கோடு, கோலத்தில் கட்டம் போட்ட மாதிரி. கறுப்பில் மஞ்சளாகப் பெரிசு பெரிசாக எழுத்து வருவதே கண் தெரியாதவர்களுக்காகத்தானே, இதுவும் அவர்களுக்காக மாற்றி வைத்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். படம் இருண்ட பிறகும் நீ பத்துப் பதினைந்து நாள் காலையில் எழுந்து, துளைக்குள் விரலை விட்டு ஆன் செய்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாயாம். என்ன பண்றீங்க என்று கேட்டால், கொஞ்சம் பார்க்கிறேன் என்பாயாம்.

இதை ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன யாரும் கேக்கலியேம்மா."

கேட்கவில்லைதான். சலவைக் கணக்கை இருமுறை எண்ணுகிறவள், மருந்துச் சீட்டைக் கடைக்காரரிடமிருந்து வாங்கி மறுபடி படிக்கிறவள், உன் வீட்டில் கண் நன்றாக இருந்த ஒரே ஆளிடம் டிவியில் என்ன தெரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் காரணம் இருந்தது. உன் கண் போகும் என்று எல்லோரும் உன்னிடம் சொல்லியிருந்தோம். எல்லோரையும் விட உறுதியாக நான் சொல்லியிருந்தேன். நீ என்னை நம்பினாய். படிக்கிற கண்ணோடு ஐந்து மாதம், குருடி என்று நம்பிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாய்.

ரவிச்சந்திரன் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். இதெல்லாம் சகஜம், நிறைய வீட்டில் மூடித்தான் வைக்கிறார்கள் என்றார். எனக்கு அது உதவவில்லை. லேசாகப் பழகிய கார்டு ஒன்று இப்போதும் இருக்கிறது என்றார். சரி என்றேன். மாட்டினார். இதில் இரண்டு விசிறி. கம்ப்யூட்டர் எழுந்ததும் உன் புத்தகத்தைத் திறந்தார், அது நீ விட்ட பக்கத்திலேயே வந்து நின்றது. கறுப்பில் மஞ்சள். அந்தப் பெண் வண்டிக்காக மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி படித்தேன். நீ செய்தது எவ்வளவு கடினமான வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. கண் தானாக நடுவுக்கு ஓடுகிறது, அதைத் தள்ளித் தள்ளி ஓரத்தில் நிறுத்த வேண்டும். நேற்றுச் சாயங்காலம் கதையை முடித்தேன். அவள் போகவில்லை. வண்டி வந்தது, ஏறினாள், ஊர் எல்லையில் இறங்கித் திரும்பி நடந்து வந்துவிட்டாள். இன்னும் பதினெட்டுப் பக்கம் படித்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்து மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல ஆள் இல்லை.

உறையை வெட்டிப் போடவில்லை. துவைத்து மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். நூல் என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. பெட்டி திறந்தே நிற்கிறது. உப்புக் காற்று அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

ஒரு புதுப் பழக்கம் மட்டும் வைத்துக்கொண்டேன். காலையில் டிவி எழுந்ததும், எழுத்தைத் தொடுவதற்கு முன்னால் அஞ்சலையைக் கூப்பிடுகிறேன். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாலும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வர வேண்டும். கோடு தெரிகிறதா, கட்டம் தெரிகிறதா என்று கேட்கிறேன். அவள் கிட்டப் போய், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்துவிட்டுச் சொல்கிறாள். உன் வீட்டில் நான் கேட்காததை இங்கே தினமும் கேட்கிறேன்.

இன்று காலை, எழுத்துகளுக்கு நடுவே ஒரு கோடு வளைந்து ஓடியது. நேற்று ஒன்றும் இல்லாத இடத்தில், ஓரத்தில். கார்டு பழையதுதானே, சூடேறியிருக்கும், கண் இல்லை என்று எனக்கு ஒரு சந்தோஷம் கூட வந்தது. அஞ்சலையைக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் நின்று, நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லியேம்மா. சுத்தமா இருக்குது."

நன்றாகப் பார் என்றேன். மறுபடி பார்த்தாள். அதையேதான் சொன்னாள். கோடு அங்கேயே இருந்தது.